கயிற்றை அறுத்த மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

என் காலில் நான் கட்டியிருந்த கயிற்றை என்னைக் கேட்காமல் நீ அறுத்தது தவறு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஏணி சறுக்கிக் கெண்டைக்கால் தசை கிழிந்த அன்றே, இரண்டு பலகைகளுக்கு நடுவே காலை வைத்து இறுக்கிக் கட்டினேன். நாற்பது வருடத் தச்சன் நான். பசை போட்டு ஒட்டியதைக் காயும்வரை ஆட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் நீ கத்தரிக்கோலோடு வந்து நின்றாய்.

"தசை மரமில்ல மாமா. கிழிஞ்ச இடத்துலேர்ந்து சேதி போகும். பக்கத்துல தூங்குற செல்லெல்லாம் முழிச்சுப் புது இழை பின்னும். மெல்ல அசைச்சாத்தான் எந்தத் திசையில பின்னணும்னு அதுக்குத் தெரியும். இல்லன்னா வெறும் தழும்புதான் மிஞ்சும்."

"இதையெல்லாம் உன் ஆய்வுக்கூடத்து எலிகிட்டப் போய்ச் சொல்லு."

"எலி சொன்ன பேச்சு கேக்கும் மாமா."

சொல்லிக்கொண்டே கயிற்றை அறுத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

தசையைப் பற்றி நீ விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முந்நூறு பக்கமும் படித்தேன். உன்மேல் தப்புக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நீ எழுதி வைத்த பயிற்சிகளைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். நேற்று கைத்தடி இல்லாமல் கடைத்தெருவரை போய் வந்தேன். இந்தக் கால் நீ கொடுத்தது, அம்மா.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். சனிக்கிழமை உன் புருஷன் அங்கே வந்து உன் பெட்டியைத் தூக்க வேண்டும். அடுத்த பயிற்சி என்னவென்று நீ சொல்ல வேண்டும். நீ வந்து இறங்கும் நம் ஊர்ப் பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

இப்படிக்கு,
உன் மாமனார்