வியாழனுக்கு முன் கிடைக்க வேண்டும்

பீல், சுவிஸ்,
9 நவம்பர் 1987

அன்புள்ள தம்பி தவச்செல்வனுக்கு,

அத்தானும் பிள்ளையும் நானும் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன். பேர்னில் மொழிபெயர்ப்பு வேலைக்கு உன்னை விசாரிக்கும் வியாழக்கிழமைக்கு முன் இந்தக் கடிதம் கூர் நகரில் உன் கைக்கு வந்து சேர வேண்டும். நீ வேலை செய்யும் ஹோட்டலுக்கு போன் எடுத்தால் சமையலறை முழுக்கக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று பின்னேரம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கதவு மணி அடித்தது. சாதாரண உடுப்பில் ஒரு பொலிஸ்காரர். அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்க நீ விண்ணப்பித்திருப்பதால் உன்னைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தையும் கழற்றினார். எனக்கு அதுதான் கூடப் பயம். ஊரில் விசாரிக்க வந்தவர்கள் ஒருநாளும் கழற்றவில்லை.

உன் சிநேகிதர் யார், இயக்கங்களோடு தொடர்பு உண்டா என்றெல்லாம் கேட்டார். கடைசியாக, நீ கஞ்சா பிடிப்பாயா என்றார்.

ஊரில் ஆமி வந்து உன்னைக் கேட்டபோது, நீ கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருக்க, வீட்டில் இல்லை என்று முகம் மாறாமல் சொன்னவள் நான். இன்று அந்தத் துணிவு வரவில்லை, தம்பி. முதல் குளிர்காலத்தில் அகதி முகாமில் சிலமுறை பிடித்தான், வேலை கிடைத்த பிறகு விட்டுவிட்டான் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார், தேத்தண்ணீரைக் குடித்தார், போய்விட்டார்.

அத்தான் வந்ததும், "உம்மை ஆர் அரிச்சந்திரனாகச் சொன்னது?" என்று ஏசினார்.

ஆனால் அந்த மனிதர் போகும்போது மெதுவாகச் சொன்னது விளங்கியது. முன்பு பிடித்துப் பிறகு விட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார்களாம். மறைத்தது தெரிந்தால் அதோடு வேலை இல்லையாம். நீ மொழிபெயர்த்தால், அந்த விசாரணை அறையில் எந்த அகதி என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். மறைக்க ஒன்று இருப்பவனை வெருட்டி அதை எவனும் கறந்துவிடலாம். ஊரில் இருக்கும் யாரோ ஒருவரின் தாய் தகப்பன் உயிர் அது.

வேலை போனால் போகட்டும். பொய் சொன்னவன் என்று உன் பெயரில் ஏறினால், இங்கே தங்குகிற பேர்மிற்றைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அது முன்னுக்கு வந்து நிற்கும். உன்னைத் திருப்பி அனுப்பினால் அங்கே கோழிக்கூடும் இல்லை, உனக்காகப் பொய் சொல்ல நானும் இல்லை.

உனக்கு என்னில் கோபம் வரும். வந்து நேரில் ஏசு, கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ மானம் பார்ப்பவன், கேட்டவுடன் இல்லை என்றுதான் சொல்லுவாய். அதுதான் என் பயம்.

நல்லூர் முருகன் உன் நாவில் இருக்கட்டும். அக்கா ஓம் என்று சொல்லிவிட்டேன், ராசா. வியாழக்கிழமை கேட்டால் நீயும் ஓம் என்று சொல்.

உன் அக்கா,
சிவமலர்