எல்லைக் கல்லுக்கு உள்ளே

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நம் காட்டைத் தேசியக் காடு என்று அறிவித்துப் பலகை வைத்துவிட்டார்கள். போன வருடம் சர்வேயருக்கு வழி காட்டியது நான்தான். நம் ஒன்பது வீடுகளும் கோட்டுக்கு வெளியேதான் இருக்கும் என்று அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வரைந்த படத்தில் அப்படித்தான் இருந்தது. தலைநகரத்து ஆபீசில் யாரோ எல்லைக் கோட்டை ஓடை வரைக்கும் நகர்த்தி, நம் வீடுகளையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். எல்லைக்கு ஓடைதான் வசதியாம்.

காலி செய்யப் பத்து நாள் கொடுத்தார்கள். இப்போது எல்லோரும் ரயிலடிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறோம். வழி தெரிந்தவன் என்று எனக்கு வனக் காவலர் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டையோடு அப்பா முன்னால் நின்றபோது, "தோள்ல தொங்குதேடா, உனக்கு முன்னாடி யாரு போட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் ஒரு காலையில் ரேஞ்சரோடு ரோந்து போனேன். நம் பழைய வீட்டுப் பக்கம் கோடரிச் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா. விழுந்து கிடந்த மரத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இருமல், கொட்டகையில் குளிர் தாங்கவில்லை. "இவரைத் தெரியுமா?" என்று ரேஞ்சர் என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இந்தப் பையனை நான் பார்த்ததே இல்லைங்க."

நானும் தெரியாது என்று தலையாட்டினேன், அக்கா. அப்பா கையைக் கட்டச் சொன்னார் ரேஞ்சர். கட்டினேன்.

மூன்று மாதம் தண்டனை. ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன். மகன் வந்திருக்கிறேன் என்று சொல்லியனுப்பினால், எனக்கு மகன் கிடையாது என்று பதில் வந்தது. கோபத்தில் சொன்னாரா, இன்னும் என்னைக் காப்பாற்றுகிறாரா, தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால், அவர் சொன்ன பொய் வீணாகிவிடும்.

பிடித்தது யார் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தினமும் என் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து வைக்கிறாள். அதை எடுத்துப் போடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எப்படியாவது ஒருமுறை வந்து அவரைப் பார். மகள் என்று சொல், உன்னை மறுக்கமாட்டார். அவர் சாப்பிடுகிறாரா என்று பார்த்து எனக்கு எழுது. என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல். கேட்காவிட்டால் நீயாகப் பேச்சை எடுக்காதே.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். தாத்தா எங்கே என்று கேட்டால், காட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லி வை.

உன்னோடு பிறந்தவன்