டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

23.10.1996, புதன்

மகள் மாலதியின் கம்ப்யூட்டர் காலையில் செத்துப்போனது. அவளுடைய பட்டப்படிப்பு ஆய்வு முழுவதும் அதில்தான். காப்பி எடுத்து வைத்த டிஸ்க்கோடு பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். டிஸ்க் ஓடவில்லை; கடைக்காரர் அதைப் பிரித்தார். உள்ளே குங்குமம். சரஸ்வதி பூஜையில் புத்தகங்களோடு வைத்துப் பொட்டிட்டது நான்தான்.

“சாமி உள்ளேயே போயிட்டாருலா, ஆன்டி!” என்று சிரித்தார்.

மாலதி சிரிக்கவில்லை. “இவங்க ஸ்கூலுக்கே போனதில்ல அங்கிள். சொந்தமா எழுத்துக்கூட்டிப் படிச்சவங்க. அதுக்கே இவ்வளவு பூஜை” என்றாள். கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் சொன்னாள்: “நல்லவேளை, இன்னொரு காப்பிய அகராதிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன். உங்க கை அங்க வராது.”

அகராதியும் பூஜையில் இருந்தது. உள்ளே கிடந்த டிஸ்க்குக்கும் அன்றே ஆசையாகப் பொட்டு வைத்திருந்தேன்.

தாயே, இன்னும் சொல்லவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.