முன் பெஞ்சு

அக்கரப்பத்தனை, 1934

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கிற வரிசையிலேயே நம் ஜனங்கள் கோயிலிலும் உட்காருவார்கள் என்று சிரிப்பாயே: கங்காணி முன்னால், கொழுந்து பறிக்கிறவர்கள் கடைசியில். போன ஞாயிறு, கொழுந்து பறிக்கிற அழகம்மாவை முன் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

“போதகரய்யா, அது எங்க பெஞ்சுங்க!” என்றார் பெரிய கங்காணி.

“மோட்சத்துலயும் பெரட்டு இருந்தா நான் அங்க வரலீங்க, கங்காணி” என்றேன்.

சபை சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. தோட்டத்துத் துரையும் சிரிக்கவில்லையாம். மனுஷன் பாவத்தைக்கூட விட்டுவிடுவான், பெஞ்சை விடமாட்டான்.

கண்டியிலிருந்து திரும்பும்போது துரை கொடுத்த வீட்டுக்குப் போகாதே; அதன் சாவியும் கோயில் சாவியும் இப்போது அவரிடம். நேராகக் கடைவீதிக்கு வா. திருநீறு பூசிய நாகலிங்கம் பிள்ளை, தம் கடையின் பின்னறையைத் தந்திருக்கிறார். உன் அம்மாவிடம், கடைத்தெரு வசதி என்று மட்டும் சொல்.

ஆராதனையும் இங்கேதான். அழகம்மா தன் லயத்துக் குடும்பங்களையெல்லாம் கூட்டிவருகிறாள். முன் பெஞ்சுச் சண்டையே இல்லை, பெஞ்சே இல்லை.

குறையொன்றுமில்லாத
உன் கணவன்