வெற்றிடம் அழித்து வாங்கிய ஓட்டு

அக்டோபர் 6, திங்கள்
எங்கள் நிரல்மொழிக் குழுவின் வாக்காளர் பட்டியல் வந்துவிட்டது. டாம்சன் என்னும் கணினி நிரல்மொழிக்கு ஒன்பது வருஷமாகக் கையேடு எழுதுகிறேன். 'எல்லோருக்கும் சொந்தமான மொழி' என்று முகப்பில் போட்டவளே நான்தான். பட்டியலில் என் பெயர் இல்லை. பதிப்பு எண்களைத் தானாக மாற்றும் தானியங்கி நிரலின் பெயர் இருக்கிறது. சமைத்தவளுக்குப் பந்தியில் இடமில்லை, கரண்டிக்கு இலை போட்டாயிற்று.

அக்டோபர் 7
குழுத் தலைவர் ஹார்லனை வீடியோவில் பிடித்தேன்.

"விதி ரொம்ப சிம்பிள், மாக்சின். மூல நிரல்ல வருஷத்துக்கு இருபது திருத்தம் செஞ்சா ஓட்டு. கையேடு தனியா இருக்கு, அது கணக்குல வராது."

"அதைத் தனியா பிரிச்சு வெச்சதே நீங்கதானே?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்."

"தானியங்கிக்கு மட்டும் ஓட்டா?"

"அது உழைக்குதே." சிரிக்காமல் சொன்னார்.

அழுதேன். துக்கம் இல்லை, ஆத்திரம்.

அக்டோபர் 9
என்னோடு கையேடு எழுதும் லீனா ஃப்ரீசன் கூப்பிட்டாள். "நீ எப்படியாவது உள்ள போயிடு. போய் கையேட்டுக்காரங்களுக்கும் ஓட்டு வேணும்னு தீர்மானம் கொண்டு வா. நம்மள்ல ஒருத்தியாவது உள்ள இருக்கணும்டி."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

அக்டோபர் 13
நன்றி நாள், இங்கே அறுவடைப் பண்டிகை விடுமுறை. வான்கோழி அடுப்பில். நான் மூல நிரலில் வரிக்கடைசியில் யாரோ விட்டுப்போன வெற்று இடைவெளிகளை அழித்துக்கொண்டிருக்கிறேன். கோப்புக்கு ஒரு திருத்தம். இருந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. உடனே ஏற்றுக்கொள்கிறார்கள், நன்றி வேறு சொல்கிறார்கள். கையேட்டுக்கு இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அக்டோபர் 24
இருபது ஆயிற்று. ஓட்டு வந்துவிட்டது. "வாங்க வாங்க, இப்பதான் நம்மாளு" என்றார் ஹார்லன். நானும் பல்லைக் காட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

லீனாவும் என்னைப் பார்த்து இடைவெளி அழிக்க ஆரம்பித்திருக்கிறாள். பதினாறு முடித்துவிட்டாளாம்.

அக்டோபர் 26
தீர்மானம் எழுத உட்கார்ந்தேன். வந்த முதல் வாரத்திலேயே கேட்டால் என்ன நினைப்பார்கள்?

நவம்பர் 3
என் முதல் ஓட்டெடுப்பு. ஹார்லன் கொண்டுவந்த தீர்மானம்: வெறும் இடைவெளியை அழித்துவிட்டு ஓட்டுக் கேட்டு வருகிறார்கள், ஆகவே இருபதை இன்று முதல் ஐம்பதாக்குவோம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குப் பொருந்தாது.

பத்தொன்பதில் நிற்கும் லீனா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது — ஒரு தரம் வேண்டாமா?

ஆதரித்தேன். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.