கதவில் மாட்டியிருந்த குதிரை

12 மார்ச் 1934, திங்கள். கிள்ளான், மலாயா.

காலையில் மேரு கிராமத்தில் ஒரு பிரசவம் பார்த்தேன். சர்மான் என்ற ஜாவாக்காரர் வீடு. அவர் மனைவி துமினாவுக்கு முதல் குழந்தை, பெண். தாயும் பிள்ளையும் நலம்.

கை கழுவிவிட்டுக் கிளம்பும்போதுதான் கதவுக் கொக்கியைப் பார்த்தேன். கொக்கியா அது! பழங்காலத் துப்பாக்கியின் குதிரை, விசையை அழுத்தினால் பாய்ந்து அடிக்கும் பாகம். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் வாய், வளைந்த கழுத்து, எல்லாம் அப்படியே. ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒரு துப்பாக்கியை முழுதாகச் சேர்க்க ஒன்பது வருஷமாகப் பாகம் பாகமாகத் தேடுகிறேன். குழல் ஒரு சமையலறையில் கிடைத்தது, அடுப்பு ஊத வைத்திருந்தார்கள். வில்லோடு விசைத் தகடு, பழைய இரும்புக் கடையில். கைப்பிடிக் கட்டையும் இருக்கிறது, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. குதிரை மட்டும்தான் இல்லை.

கேட்கவில்லை. பிள்ளை எடுத்த கையோடு மருத்துவச்சி மிசி கேட்டால் எந்த வீட்டில் மறுப்பார்கள்? அதனாலேயே கேட்கக் கூடாது.

13 மார்ச்

கேட்டிருக்கலாமோ?

15 மார்ச்

குழந்தைக்குத் தொப்புள் பார்க்கப் போனேன். காய்ந்து வருகிறது. கண் மட்டும் கதவுக்கே போயிற்று. வெட்கமாக இருந்தது.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரயில் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி, சட்டமெல்லாம் பேசுவார். சிரித்தார்.

"தங்கமணி, குதிரையும் வந்துட்டா அது முழுத் துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா உன்னைப் புடிச்சுக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் கிள்ளான்ல பிரசவம் யாரு பார்க்கிறது?"

"நான் சுடவா போறேன்?"

"அதைப் போலீஸ்காரன்கிட்ட சொல்லு."

எனக்கு என்னதான் வேணும்? எல்லாம் சேர்ந்து ஒரு தடவை அடிக்கணும், அந்தச் சத்தத்தைக் கேட்கணும். அவ்வளவுதானே? — அவ்வளவுதானா?

19 மார்ச், திங்கள்

ஏழாம் நாள். பையில் கத்தரிக்கோல், பஞ்சு, மருந்து. அடியில் விசைத் தகடு. ஏன் எடுத்து வைத்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

குழந்தையைக் குளிப்பாட்டி முடித்ததும் சர்மான் மலாயில் கேட்டார்: "மிசி, வந்ததுலேருந்து கதவையே பார்க்கிறீங்க. என் கதவு என்ன தப்பு செஞ்சுது?"

மாட்டிக்கொண்டேன். தகட்டை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். உடனே ஆணியைப் பிடுங்கிக் குதிரையைக் கையில் வைத்துவிட்டார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. எங்களுக்குப் புள்ளையே எடுத்துக் கொடுத்திருக்கீங்க."

பயந்தது இதற்குத்தான்.

"வேண்டாம். ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டுத் தரேன்."

துளை கொஞ்சம் தளர்வு. துணிக் கிழிசல் வைத்து இறுக்கினேன். குதிரையைப் பின்னால் இழுத்தேன். கட்டைவிரல் வலித்தது, வில் அத்தனை விறைப்பு. தகட்டின் உள்நாக்கை அழுத்தினேன். டக்!

குழந்தை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தது. துமினா படுத்தபடியே சிரித்தாள். "இன்னொரு தடவை மிசி," என்றார் சர்மான். ஏழெட்டுத் தடவை அடித்தோம். அவரும் அடித்தார்.

பிறகு கழற்றிக் கொடுத்தேன். அவர் ஆணியடித்தார், கொக்கியை நான் பிடித்துக்கொண்டேன். கதவு நன்றாகவே சாத்துகிறது.

வழியெல்லாம் வெயில். களைப்பே தெரியவில்லை.

6 மே, ஞாயிறு

வீட்டுக்காரர் ஒரு பலகை இழைத்துக் கொண்டுவந்தார். குழல், கட்டை, தகடு எல்லாவற்றையும் கம்பி போட்டுக் கட்டி முன்னறைச் சுவரில் மாட்டினோம்.

அடுத்த வீட்டுப் புஷ்பவல்லி வந்து நெடுநேரம் பார்த்தாள். "ஏன்க்கா, இந்த இடம் மட்டும் காலியா இருக்கு?"

உள்ளேயிருந்து இவர் சொன்னார்: "அது மேருவுல வேலை பார்க்குதும்மா."

அவளுக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போனேன்.