பேஸ்மென்டின் நடுவில் நின்ற தூண்

ரொக்ஸ்பரோ
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூவரும் உயிரோடும் முழு உடம்போடும் இருக்கிறோம். அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு என்று அம்மா சொல்கிறார். பழைய கட்டடங்களைப் படிக்க ஏதென்சுக்குப் போன நீங்களும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். மாதக் கடிதம் எப்போதும் அம்மாதான் எழுதுவார், சரஸ்வதி பூசையன்று நடந்ததை நீதான் எழுதவேணும் என்று இந்த முறை பேனையை என்னிடம் தந்துவிட்டார். இவ்வளவு நாளும் போனில் உங்களுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்று அப்பா தடுத்திருந்தார்.

அண்ணா, பேஸ்மென்டின் நடுவில் ஒரு இரும்புத் தூண் நிற்குமே, சின்ன வயதில் நீங்கள் பிடித்துச் சுற்றியது, அதை அப்பா வெட்டி எடுத்துவிட்டார். சாமிப் படங்களைக் கீழே வைத்த நாளிலிருந்து, விளக்கைத் தூண் மறைக்கிறது என்று அவருக்குக் குறை. பக்கத்துத் தெரு இரவிச்சந்திரன் மாமா ஊரில் மேசனாக இருந்தவர். ஊரிலை எத்தினை வீட்டிலை தூண் எடுத்தனான் அண்ணை, ஒண்டும் அசையேல்லை, சும்மா பயப்பிடாதேங்கோ என்று சொல்லிப் பூசைக்கு முதல்நாள் இரும்பு வெட்டுகிற மெஷினோடு வந்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் தூண் போய்விட்டது. இப்பதான் கோயில் மாதிரிக் கிடக்கு என்று அப்பாவுக்கு ஒரே சந்தோசம்.

ரோமுக்குப் போய் வந்து நீங்கள் எழுதிய கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்திருந்தேன். கிரேக்கர் தூணுக்கு மேல் கல்லை நீட்டி வைத்துக் கட்டினார்கள், நீட்டிய கல் அடிப்பக்கத்தில்தான் முதலில் வெடிக்கும், அதனால்தான் தூண்களை நெருக்கமாக வைத்தார்கள் என்று படம் கீறியிருந்தீர்கள். ரோமர் வளைவு கட்டிப் பாரத்தை இரண்டு பக்கமும் இறக்கினார்கள், கொங்கிறீற்றும் ஊற்றினார்கள், அதனால் தூணில்லாமலே பெரிய மண்டபங்கள் கட்ட முடிந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். பூசையன்று காலை கோலம் போடக் கீழே போனபோது, தூண் நின்ற இடத்துக்கு நேர் மேலே சீலிங் பூச்சில் மயிர்போல ஒரு வெடிப்பு. உங்கள் படம்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்குகிறவள், மேசனுக்குப் போய் என்னத்தைச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பின்னேரம் பூசைக்கு வந்த இருபது பேர் கீழே இருந்தார்கள். அம்மா விளக்குக்கு முன்னால், சரியாக அந்த வெடிப்புக்குக் கீழே. படைத்த அவலுக்குள் வெள்ளைத் தூள் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன், வெடிப்புக்குள் விரல் போகும். அண்ணா, நான் கத்தினேன். எல்லாரும் வெளியிலை ஓடுங்கோ என்று நான்தான் கத்தினேன், அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. உவளுக்கு என்ன பிடிச்சது என்று அப்பா ஏசினார், ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிவிட்டார், அவர் எழும்ப எல்லாரும் எழும்பினார்கள். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் உள்ளே வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். மேலே குசினித் தரை ஒரு பக்கம் தாழ்ந்து பிரிட்ஜ் சாய்ந்து கிடந்தது.

அடுத்த நாள் ஷெரோன் என்ற இஞ்சினியர் பெண் வந்து சீலிங்கைத் திறந்து காட்டினார். உத்திரம் மரம், அடிப்பக்கத்தில்தான் பிளந்திருந்தது, அச்சாக உங்கள் படம். சுவர்ச் செங்கலும் வெளியில் தெரிகிற முகம் மட்டும்தானாம், பாரம் தாங்காதாம். ரோமரின் செங்கலுக்குப் பின்னால் கொங்கிறீற் என்று எழுதினீர்களே, எங்கள் வீட்டுச் செங்கலுக்குப் பின்னால் பலகை. இருபது வருடம் இருந்த வீடு எப்படி நிற்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. உது முழுக்கப் பலகையே என்று கேட்டபடி இரவிச்சந்திரன் மாமா படியில் குந்திவிட்டார்.

மூன்று வாரம் புரோசார்டில் செல்வமலர் மாமி வீட்டில் இருந்தோம். புது உத்திரமும் தூணும் வைத்து முடிந்து நேற்றுத்தான் திரும்பினோம். அப்பா யாரோடும் கதைக்காமல் கீழே போய், விளக்கை ஏற்றி, முதலில் தூணுக்குத்தான் சந்தனப் பொட்டு வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கொண்ணன் வேறை என்ன எழுதினவன், வாசி பாப்பம் என்றார்.

வாசித்தேன், வளைவு விழாமல் நிற்பது எப்படி என்று அவர் கேட்டதற்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பெரிதாகக் கீறி அனுப்புங்கள், இந்த முறை கடிதம் என் பெயருக்கு வரட்டும். பிள்ளையார் துணையிருப்பார், நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பழைய கற்களுக்குக் கீழே மட்டும் நிற்காதே என்று அம்மா சொல்கிறார். அப்பாவும் ஓம் என்கிறார்.

அம்மா, அப்பாவின் ஆசியோடு,
தங்கை சிவாஜினி